ஈரம் மிகுந்த வீட்டுக்கு எந்த கீசர்? விற்பவர் அறிய வேண்டிய விவரங்கள்



ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் எலக்ட்ரிகல் கடைகளிலும் சானிட்டரி கடைகளிலும் கீசர் கேட்டு வருவோர் கூடிவிடுவார்கள். தை மாதம் வரை இந்தச் சரக்குக்கு நல்ல ஓட்டம் உண்டு. கடைக்கு வருபவர் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். எத்தனை லிட்டர்? என்ன விலை? இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால் வியாபாரம் முடிந்துவிடும். ஆனால் அந்த வியாபாரம் நிலைக்குமா என்பது கேட்கப்படாத வேறு இரண்டு கேள்விகளில் இருக்கிறது. வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது? கீசர் மாட்டப்போகும் இடம் எப்படிப்பட்டது?

ஒரே கம்பெனியில் இருந்து ஒரே லாட்டில் இறங்கிய சரக்கைப் பல ஊர்களுக்கு அனுப்புகிறவர்கள் நாங்கள். உள்நாட்டு ஊருக்குப் போன பீஸ் பல வருடம் உழைக்கும். கடற்கரை ஊருக்குப் போனதோ இரண்டு வருடத்தில் டேங்க் ஒழுகித் திரும்பி வரும். சரக்கில் வித்தியாசம் இல்லை, போன இடத்தில்தான் வித்தியாசம். திரும்பி வந்த பீஸுக்குக் கம்பெனி மாற்றிக் கொடுத்தாலும் வண்டி வாடகையும், பிளம்பர் கூலியும், வாடிக்கையாளரின் மனவருத்தமும் கடைக்காரர் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஈரமான குளியலறையில் மின்சாரத்தையும் தண்ணீரையும் ஒரே பெட்டிக்குள் வைத்து விற்கிறோம். தவறான பொருளோ தவறான பொருத்துதலோ ஓர் உயிரையே கொண்டுபோய்விடும். ஆகவே இந்தச் சரக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

உள்ளே இருந்து வரும் கேடு: தண்ணீர்

கீசரைக் கெடுப்பவை இரண்டு. உள்ளே தண்ணீர், வெளியே ஈரம். முதலில் தண்ணீரைப் பார்ப்போம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடேறும்போது பிரிந்து வெள்ளைச் சுண்ணாம்பாகப் படிகிறது. நம் மக்கள் இதைத்தான் 'உப்பு பிடித்துவிட்டது' என்கிறார்கள். சூடு 60 டிகிரிக்கு மேல் போகப் போக இந்தப் படிவு வேகமாக ஏறும். ஹீட்டிங் எலிமென்ட் மேல் இது ஓடு போல மூடிக்கொண்டால் சூடு தண்ணீருக்குள் இறங்காமல் எலிமென்டிலேயே தங்கி அதை எரித்துவிடும். கரண்ட் பில் ஏறும், தண்ணீர் சூடாக நேரமாகும், கடைசியில் எலிமென்ட் போய்விடும்.

இன்னொன்று குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பில் உள்ள உப்புத்தன்மை. இது படிவதில்லை. உலோகத்தையே அரிக்கிறது. கடலோர ஊர்களின் கிணறுகளிலும் ஆழ்குழாய்க் கிணறுகளிலும் இது அதிகம். நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்த இடங்களும் உண்டு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதி இதற்குப் பலரும் அறிந்த உதாரணம்.

இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 சொல்லும் அளவுகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு லிட்டரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம். குளோரைடு 250 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1000 வரை ஏற்கலாம். இவை குடிப்பதற்கான அளவுகள். குடிக்க ஏற்றுக்கொள்ளப்படும் நீர் கீசருக்கும் ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. ஆயிரத்தை நெருங்கும் குளோரைடு சாதாரண டேங்க்கைச் சீக்கிரமே தின்றுவிடும்.

ஒரே ஊருக்குள்ளும் தண்ணீர் மாறும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு ஒன்று, பக்கத்துத் தெருவில் போர் தண்ணீர் மட்டும் வரும் வீடு ஒன்று. இரண்டுக்கும் ஒரே கீசரைச் சொல்லுவது முறையல்ல. ஊர்ப் பெயரைக் கேட்டால் போதாது. ஓவர்ஹெட் டேங்க்கில் ஏறுவது என்ன தண்ணீர் என்று கேட்க வேண்டும். ஷவரில் வெள்ளை படிகிறதா, சோப்பு நுரைக்கிறதா, எவர்சில்வர் குடத்தில் கறை விழுகிறதா என்று கேட்டால் இல்லத்தரசிகள் சோதனைச்சாலையை விடச் சரியாகப் பதில் சொல்லிவிடுவார்கள்.

டேங்க் எது?

பழைய நாளில் விறகும் கரியும் போட்டு எரித்த செம்பு பாய்லர்கள் இரண்டு தலைமுறை உழைத்தன. செம்பு கனமாக இருந்தது, தண்ணீரும் இத்தனை உப்பாக இல்லை. இன்று கிடைக்கும் டேங்க்குகள் வேறு வகை.

செம்பு டேங்க் நடுத்தரமான தண்ணீருக்கு நன்றாக உழைக்கும். சில மலை ஊற்று நீர் மிக மென்மையாகவும் சற்றுப் புளிப்புத்தன்மையோடும் இருக்கும். அத்தகைய நீர் செம்பைக் கரைக்கும். வெள்ளை பேசினில் நீலப்பச்சைக் கறை விழுந்தால் அதுதான் அடையாளம். அந்த வீட்டுக்குச் செம்பு வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நாம் எவர்சில்வர் என்று சொல்வது, ஒரே ரகம் அல்ல. 304 என்பதில் குரோமியம் ஏறக்குறைய 18 பங்கு, நிக்கல் 8 பங்கு. உள்நாட்டு நல்ல தண்ணீருக்கு இது போதும். குளோரைடு மிகுந்த சுடுநீரில், அதிலும் வெல்டிங் போட்ட இடத்தில், ஊசி முனை அளவுக்குத் துளை விழும். 316 என்பதில் 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. உப்பைத் தாங்கும் சக்தி அதில் கூடுதல். விலையும் கூடுதல்தான். 'எஸ்.எஸ். டேங்க்' என்று மட்டும் அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் எந்த கிரேடு என்று கேட்டு வாங்குங்கள். பதில் எழுத்தில் வரவேண்டும்.

மூன்றாவது, இரும்புத் தகட்டின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு பூசிச் சுட்டெடுத்த டேங்க். கிளாஸ் லைன்டு என்று விற்பது இதுதான். உப்புத் தண்ணீருக்கு இது நல்ல தேர்வு, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பூச்சில் எங்காவது மயிரிழை இடைவெளி இருக்கும். அந்த இடம் துருப்பிடிக்காமல் காப்பது உள்ளே தொங்கும் மெக்னீசியம் ஆனோடு ராடு. இரும்புக்குப் பதிலாகத் தன்னைக் கரைத்துக்கொண்டு டேங்க்கைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. அது முழுவதும் கரைந்த பிறகு இரும்பு கரையத் தொடங்கும். உப்புத் தண்ணீரில் ராடு சீக்கிரம் தீரும். ஆகவே வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும். டேங்க் விலையோடு ஒப்பிட்டால் ராடின் விலை மிகக் குறைவு. ஆனால் இதை வாடிக்கையாளருக்கு யாரும் சொல்வதில்லை. ராடு ஸ்டாக் வைத்து, விற்ற பீஸ்களின் தேதியைக் குறித்து, வருட முடிவில் ஒரு போன் செய்தால் அது சேவையும் ஆகும், வியாபாரமும் ஆகும்.

எலிமென்ட் விஷயத்தில், கடின நீருக்குச் சாதாரணச் செம்பு உறையை விட இன்கலாய் உறையோ கண்ணாடிப் பூச்சு உறையோ நல்லது. வாரண்டி கார்டைப் பிரித்துப் படியுங்கள். டேங்க்குக்கு ஒரு காலம், எலிமென்டுக்கு வேறு காலம் என்று இருக்கும். உப்புப் படிவால் வரும் கோளாறு வாரண்டியில் சேராது என்ற வரியும் பல கார்டுகளில் உண்டு. அந்த வரியை விற்பதற்கு முன்பே காட்டிவிட்டால் பின்னால் சண்டை இல்லை.

வெளியே இருந்து வரும் கேடு: ஈரம்

ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். கொடைக்கானல் 2,100 மீட்டர் அளவு. வால்பாறையிலும் குன்னூரிலும் மாதக்கணக்கில் சுவர் காய்வதில்லை. கடற்கரையிலோ காற்றிலேயே உப்பு. இந்த இரு வகை வீடுகளிலும் கீசரின் வெளிப்புறம்தான் முதலில் போகும்.

வெளிக்கூடு இரும்புத் தகடாக இருந்தால் பவுடர் கோட்டிங் விளிம்பிலும் ஸ்க்ரூ துளையிலும் உரிந்து துருப்பிடிக்கும். உப்புக்காற்று வீசும் இடத்துக்கு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் கூடு ஏற்றது. கூட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவே நிரப்பியுள்ள பஃப் நுரை முழுமையாக இருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் ஈரம் உள்ளே தங்கும், சூடும் வெளியேறும். பி.இ.இ. நட்சத்திரக் குறியீடு இந்தச் சூடு இழப்பை வைத்தே தரப்படுகிறது. கீசரை ஆன் செய்து விட்டுவிடும் குளிர்ப்பிரதேச வீடுகளில் கூடுதல் நட்சத்திரத்தால் பணம் மிச்சமாகும்.

பெட்டியின் மேல் ஐ.பி. என்று ஒரு குறியீடு இருக்கும். அதில் கடைசி எண் தண்ணீரைத் தாங்கும் அளவைச் சொல்கிறது. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும். 5 என்றால் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். ஈரக் குளியலறைக்கு 4-க்குக் குறைந்ததைச் சொல்லாதீர்கள்.

25 லிட்டர் கீசர் நிரம்பிய பின் ஏறக்குறைய 35 கிலோ கனம் இருக்கும். ஈரம் ஊறிய பழைய சுவரில் மரக்கட்டை அடித்து மாட்டினால் ஒருநாள் அப்படியே இறங்கிவிடும். துருப்பிடிக்காத ஆங்கர் போல்ட்டும் பிராக்கெட்டும் சேர்த்தே விற்க வேண்டும். ஓட்டுச் சுவரோ மண் சாந்துச் சுவரோ என்றால் மேஸ்திரியிடம் காட்டச் சொல்லுங்கள்.

எத்தனை லிட்டர்?

25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற 2 கிலோவாட் எலிமென்டுக்கு ஏறக்குறைய 26 நிமிடம் ஆகும். 15 லிட்டர் என்றால் 16 நிமிடம். 60 டிகிரியில் இருக்கும் 25 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரியில் குளித்தால், சமவெளியில் 58 லிட்டர் அளவு கிடைக்கும். குழாய்த் தண்ணீர் 15 டிகிரியில் வரும் மலை ஊரில் 45 லிட்டர்தான் கிடைக்கும். ஆகவே சென்னையில் போதுமான அளவு ஊட்டியில் போதாது. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரும் அப்படியே. தண்ணீரை 20 டிகிரி ஏற்றினால் நிமிடத்துக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல் தரும். 28 டிகிரி ஏற்ற வேண்டிய மலைக்குளிரில் ஒன்றரை லிட்டர்தான். கை கழுவலாம், ஷவரில் குளிக்க முடியாது.

மலை ஊர்களில் தங்கும் விடுதி, ஹோம் ஸ்டே நடத்துவோர் பாத் டப் கேட்கிறார்கள். ஒரு டப்பில் 180 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், 15 டிகிரித் தண்ணீர் வரும் ஊரில் அதை 40 டிகிரியில் நிரப்ப 60 டிகிரி வெந்நீர் 100 லிட்டர் தேவை. 25 லிட்டர் கீசரோடு டப் விற்றால் விருந்தாளி பாதித் தொட்டியில் உட்கார்ந்து நடுங்குவார். டப் விஷயத்திலும் ஈரக் கணக்கு உண்டு. எனாமல் பூசிய இரும்புத் தொட்டி ஓரிடத்தில் பெயர்ந்தால் அங்கிருந்து துரு பரவும். பின்புறம் ஃபைபர் கொடுத்த தடித்த அக்ரிலிக் தொட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. தாங்கும் கால்களும் சட்டமும் எவர்சில்வராக இருக்கட்டும். பம்ப் வைத்த சுழல்நீர்த் தொட்டி என்றால் பம்ப்பைக் கழற்றி எடுக்கக் கதவு விட்டுத்தான் டைல்ஸ் ஒட்ட வேண்டும். அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியம். மரத்தளம் போட்ட பழைய பங்களாவில் தண்ணீரும் ஆளும் சேர்ந்த கனத்தைத் தளம் தாங்குமா என்று என்ஜினீயரைக் கேட்காமல் டப்பை இறக்கக் கூடாது.

உயிர் காக்கும் நான்கு விஷயங்கள்

முதலாவது, எர்த். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட்டும், தனி வயரிங்கும் வேண்டும். உப்பு பிடித்து எலிமென்ட் வெடித்தால் கரண்ட் தண்ணீருக்குள் வரும். எர்த் சரியாக இருந்தால்தான் அது பூமிக்குப் போகும். கடற்கரை ஈரத்தில் எர்த் கம்பி அரித்துப் போயிருக்கலாம். எலக்ட்ரீஷியன் அளந்து பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

இரண்டாவது, ஆர்.சி.சி.பி. எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். எம்.சி.பி. வயரைக் காக்கும். கரண்ட் கசிவில் இருந்து மனிதனைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். இது இருப்பதால் எர்த் வேண்டாம் என்று பொருள் அல்ல, இரண்டும் வேண்டும். கீசர் சுவிட்சு குளியலறைக்கு வெளியே இருப்பது மிக நல்லது.

மூன்றாவது, சேஃப்டி வால்வு. சூடேறும்போது இதிலிருந்து சில சொட்டுத் தண்ணீர் வருவது இயல்பு. ஒழுகுகிறது என்று எண்ணி அதை அடைத்துவிடும் பிளம்பர்கள் உண்டு. தெர்மோஸ்டாட்டும் கெட்டுப்போன நாளில் அடைபட்ட டேங்க் வெடிகுண்டுதான். அந்த வாயில் இருந்து ஒரு குழாயைத் தரைக்கு இறக்கிவிட்டால் போதும். உயரத்தில் டேங்க் உள்ள அடுக்குமாடிகளுக்கும், பிரஷர் பம்ப் உள்ள வீடுகளுக்கும் 8 பார் அழுத்தம் தாங்கும் கீசரே ஏற்றது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும் என்பது கணக்கு. வெந்நீர் லைனுக்குச் சாதாரண பி.வி.சி. கூடாது, சி.பி.வி.சி. போட வேண்டும்.

நான்காவது, கேஸ் கீசர். காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் இதை மாட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து, கதவை உடைத்துத் தூக்கிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுவதாக இருந்தால் மட்டும் விற்கலாம். ஜன்னல் இல்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் அந்த விற்பனையே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்டோரேஜ் கீசருக்கு ஐ.எஸ். 2082 தரமும், இன்ஸ்டன்ட் கீசருக்கு ஐ.எஸ். 8978 தரமும் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத சரக்கை விலை மலிவு என்று கொள்முதல் செய்யாதீர்கள். முத்திரையின் கீழ் உள்ள லைசென்ஸ் எண்ணையும் பாருங்கள்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளால் விளையும் தீங்குக்குத் தயாரிப்பாளரை மட்டும் பொறுப்பாக்கவில்லை. தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையையும், பயன்படுத்தும் முறையையும் விற்பவர் வாடிக்கையாளருக்குச் சேர்க்கத் தவறி, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்பவரும் பொறுப்பாகலாம். அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் கையேட்டைக் கடையில் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை விட்டுவிட வேண்டும். 'எர்த் பார்க்கவும், வால்வை அடைக்க வேண்டாம், வருடம் ஒரு முறை ஆனோடு ராடு பார்க்கவும்' என்று பில்லின் பின்புறம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டால் வாடிக்கையாளருக்கும் நல்லது, நமக்கும் பாதுகாப்பு.

கவுண்டரில் கேட்க வேண்டியவை

1. வீட்டில் வருவது ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா? உப்பு பிடிக்கிறதா?
2. ஊர் கடற்கரையா, மலையா? குளியலறைச் சுவர் காய்கிறதா?
3. வீட்டில் எத்தனை பேர்? பக்கெட்டா, ஷவரா, டப்பா?
4. எத்தனையாவது மாடி? பிரஷர் பம்ப் உண்டா?
5. தனி 16 ஆம்பியர் பாயிண்ட், எர்த், ஆர்.சி.சி.பி. உண்டா?
6. குளியலறையில் ஜன்னல் உண்டா?

இந்த ஆறு கேள்விக்கு ஐந்து நிமிடம் ஆகும். கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். கடற்கரைப் பகுதியில் கடை வைத்திருப்போர் விலை குறைந்த 304 டேங்க்கை அதிகம் அடுக்காமல், கண்ணாடிப் பூச்சு ரகத்தையும் ஏ.பி.எஸ். கூட்டையும் முன்னால் வையுங்கள். மலை ஊர் வியாபாரிகள் 25 லிட்டரும் அதற்கு மேலும் ஸ்டாக் செய்யுங்கள். இரு சாராரும் ஆர்.சி.சி.பி.யைக் கீசரின் பக்கத்திலேயே காட்சிக்கு வையுங்கள்.

'தண்ணீர் என்ன தண்ணீர்?' என்று விசாரித்து விற்கும் கடைக்காரரை வாடிக்கையாளர் மறப்பதில்லை. ஐந்நூறு ரூபாய் அதிகம் சொன்னாலும் காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார். அடுத்த வீடு கட்டும்போது பைப், டைல்ஸ், ஃபேன் எல்லாவற்றுக்கும் நம் கடைக்கே வருகிறார். உங்கள் ஊர்த் தண்ணீரில் எந்த ரக டேங்க் எத்தனை வருடம் உழைத்தது என்ற விவரத்தை உறுப்பினர்கள் குறித்து வைத்துச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தால், நம் எல்லாருடைய கொள்முதலுக்கும் அது உதவும்.